மூன்றாம் முறை தட்டாத கதவு

என் சித்தி மூன்றாம் வகுப்பு டீச்சர். கேஸை மூடினோமா என்று பாதி வழியில் திரும்பி வந்து பார்க்கிற ரகம். தேர்தல் நெருங்கினால் எங்கள் குடியிருப்பின் வாக்காளர் பட்டியலைச் சரிபார்க்கும் வேலையும் அவள் தலையில்தான் விழும். வீடு பூட்டியிருந்தால் பெயருக்கு எதிரே பென்சிலில் ஒரு கோடு. வேறு வேறு நாளில் போய் மூன்று கோடு விழுந்துவிட்டால், 'குடிபெயர்ந்தார்' என்று எழுதிக் கொடுக்கலாம்.

முன்பெல்லாம் வீட்டுக்கு வீடு டீ குடித்தே அவள் வயிறு நிறைந்துவிடும். இந்த முறை குடியிருப்பே இரண்டாகக் கிடந்தது. வாட்ஸ்அப் குழுவைக் கூடப் பிரித்துக்கொண்டார்கள். எங்கள் பிளாக்கில் எல்லோரும் ஒரே கட்சி. மூன்றாம் மாடி மெக்கானிக் வீட்டு ஜன்னலில் மட்டும் மற்ற கட்சியின் கொடி. அந்த வீட்டில் ஏழு ஓட்டு.

இரண்டு முறை போய்த் தட்டினாள். யாரும் திறக்கவில்லை. மூன்றாம் நாள் காலையில், 'மெக்கானிக் வீட்டில் கத்தி இருக்கிறதாம், ஜாக்கிரதை' என்று குழுவில் ஒரு செய்தி வந்தது. சித்தி படிக்கட்டு வரை போய்த் திரும்பிவிட்டாள். மூன்றாவது கோட்டைச் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து போட்டாள்.

பட்டியல் வந்தபோது அந்த ஏழு பேரும் அதில் இல்லை. குடியிருப்புச் செயலாளர் லிஃப்டில் சிரித்தார். "சத்தமே இல்லாம காரியத்தை முடிச்சிட்டீங்களே டீச்சர். கைகாரிதான்."

சித்தப்பாவும், "போனது அவங்க ஓட்டுதானே, விடு" என்றார்.

அன்று சித்தி சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள். "அவங்க வந்து திட்டியிருந்தாக்கூடப் பரவாயில்லடி. செயலாளர் பாராட்டுறாரு. அதான் தாங்க முடியல. பயந்துதான் போகலையா, இல்ல போனா போகட்டும்னு இருந்துட்டேனா? எனக்கே தெரியல."

திரும்பச் சேர்க்கக் கடைசி நாள் சனிக்கிழமை, மதியம் ஒரு மணி வரை. பதினோரு மணிக்கு ஏழு படிவங்களோடு கிளம்பினாள். துணைக்கு நான். கதவைத் தட்டினாள். கதவின் சின்னக் கண்ணாடித் துளை இருண்டது. யாரோ உள்ளிருந்து பார்க்கிறார்கள்.

சங்கிலியைக் கழற்றாமல் மெக்கானிக்கின் மனைவி எட்டிப் பார்த்தாள். "என்ன வேணும்?"

"உங்க பேரெல்லாம் என்னாலதான் போச்சும்மா. மூணாவது தடவை நான் வரவே இல்ல. பயமா இருந்துச்சு."

"எங்களைப் பார்த்தா?" அவள் சிரிக்கவில்லை. "நீங்க ரெண்டு தடவை தட்டினப்பவும் நாங்க உள்ளதான் இருந்தோம். ஆள் சேர்த்துக்கிட்டு வந்திருக்கீங்களோன்னு பிள்ளைங்க வாயைப் பொத்திக்கிட்டு உட்கார்ந்திருந்தேன்."

சித்தி படிவங்களைச் சங்கிலி இடுக்கு வழியாக நீட்டினாள். அவை ஒவ்வொன்றாகக் கையெழுத்தாகித் திரும்பி வந்தன. சங்கிலி கடைசி வரை கழலவில்லை.

கீழே இறங்கினால், படிக்கட்டு முடிகிற இடத்தில் செயலாளரும் நான்கு பேரும்.

"அங்க என்ன டீச்சர் வேலை?"

"ஏழு பேர் விட்டுப்போச்சு. சேர்க்கப் போறேன்."

"யாரு கேட்டா உங்களை?"

சித்தி காகிதங்களை மார்போடு அணைத்துக்கொண்டாள். "வழி விடுங்க. ஒரு மணிக்கு ஆபீஸ் மூடிடும்."

யாரும் நகரவில்லை. அவர்களில் ஒருவர் போனை உயர்த்தி எங்களைப் படம் பிடித்தார். சித்தி என் மணிக்கட்டைப் பிடித்தாள். சுவரோடு ஒட்டி, அவர்கள் சட்டைகளில் உரசிக்கொண்டே வெளியே வந்தோம். தெருமுனை வரை அவள் திரும்பிப் பார்க்கவில்லை. குழுவில் செய்தி வந்து விழும் சத்தம் மட்டும் அவள் பைக்குள் விடாமல் கேட்டுக்கொண்டிருந்தது.