தோலை உரித்துக் கொடுத்தேன்: மரக்காணம் உப்பளத்தில் ஒரு காலை

மரக்காணம் உப்பளத்தைப் பார்க்கப் போகிறவர்களுக்காக எழுத ஆரம்பித்த கட்டுரை இது. எந்த வழியில் போகலாம், எங்கே தங்கலாம் என்பதெல்லாம் இருக்கிறது. ஆனால் வீட்டில் இதய நோயாளி இருப்பவர்கள் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள்.

என் கணவர் கருணாகரனுக்கு வயது ஐம்பத்து நான்கு. பேருந்துப் பணிமனையில் மெக்கானிக். போன வருடம் ஜூலையில் மாரடைப்பு வந்து ஸ்டென்ட் வைத்தார்கள். இதயம் பாதி பலத்தில்தான் வேலை செய்கிறது என்று டாக்டர் சொன்ன நாளிலிருந்து எட்டு மாதம் நாங்கள் காஞ்சிபுரத்தைத் தாண்டவில்லை. அவர் தூங்கும்போது மூச்சு வருகிறதா என்று மூக்கருகே விரல் வைத்துப் பார்ப்பது எனக்குப் பழக்கமாகிவிட்டது. நான் கார் ஓட்டக் கற்றுக்கொண்டதும் அந்த எட்டு மாதத்தில்தான். ஆத்திர அவசரத்துக்கு யாரையும் கெஞ்ச முடியாது அல்லவா?

“உப்பு எடுக்கிறத கிட்டப் போயி பாக்கணும் வசந்தி. டெஸ்ட்டுக்கு பஸ்ஸ ஓட்டிக்கினு போறப்ப ஜன்னல் வழியா பாத்ததோட சரி” என்று கேட்டுக்கொண்டே இருந்தார். மார்ச் மாதத்தில் டாக்டரும் மெதுவாகப் போய்வரச் சொன்னார். ஒரு சனிக்கிழமை மதியம் ஒரு மணிக்குக் கிளம்பினோம்.

வந்தவாசி, திண்டிவனம் வழியாகப் புதுச்சேரி எல்லையில் இருக்கும் கோட்டக்குப்பம் வரை என் மீட்டரில் 118 கிலோமீட்டர். புதிதாக ஓட்டுகிறவள் என்பதால் எனக்கு நான்கு மணி நேரம் ஆனது. பழகியவர்களுக்கு மூன்று மணி நேரம் போதும். இரவுக்கு உப்புக் குறைத்த தயிர் சாதம், வேகவைத்த பீன்ஸ், சுட்ட கத்தரிக்காய் எல்லாம் டப்பாவில் எடுத்துக்கொண்டேன். ஒரு நாளைக்கு எல்லாவற்றிலும் சேர்த்து ஒரு டீஸ்பூனுக்கும் குறைவான உப்பு, ஒன்றரை லிட்டர் தண்ணீர் என்பது டாக்டர் போட்ட எல்லை. மாத்திரை டப்பா மட்டும் அவர் பொறுப்பு.

கோட்டக்குப்பத்தில் டீ குடிக்க நிறுத்தினோம். பக்கத்தில் ஒரு பொரித்த கோழிக் கடை. வாசலில் பலகை: எட்டுத் துண்டு, ஒரு பெரிய குளிர்பானம், 399 ரூபாய். அவர் நின்றுவிட்டார்.

“எட்டு பீசு, வசந்தி. பீசு அம்பது ரூபாகூட ஆவல. வீட்ல செஞ்சாக்கூட இந்த விலைக்கு வராது.”

“எண்ணெய் எவ்ளோன்னு பாருங்க. டாக்டர் காதுல விழுந்துதுன்னா?”

“எட்டு மாசமா வெந்த பீன்ஸு தின்றேன். ஒரு நாளு.”

அந்த ‘ஒரு நாளு’க்கு நான் இறங்கி வந்துவிட்டேன். உள்ளே போனோம். கடைக்கார பாய் சவுதியில் பதினோரு வருடம் சமையல் வேலை பார்த்துவிட்டு வந்து கடை போட்டவர். கடை பளிச்சென்று இருந்தது. எண்ணெய் பழையதா என்று நான் கேட்டதற்குக் கோபப்படாமல் சட்டியையே காட்டினார்.

“காலைல மாத்தின எண்ணெம்மா. நம்ம கறி ஆறு மணி நேரம் மசாலாத் தண்ணில ஊறும். அதான் எலும்பு வரைக்கும் டேஸ்ட் புடிக்கும். சாப்ட்டுட்டு சொல்லுங்க.”

எலும்பு வரைக்கும் என்றால் என்ன என்று அப்போது நான் யோசிக்கவில்லை. என் பயமெல்லாம் எண்ணெயிலேயே இருந்தது. மேஜையில் உட்கார்ந்து, ஒவ்வொரு துண்டிலும் மொறுமொறுப்பையும் தோலையும் உரித்து, வெள்ளைக் கறியை மட்டும் அவர் தட்டில் வைத்தேன். பெரிய சாமர்த்தியம் செய்துவிட்டதாக நினைப்பு. அவர் நான்கு துண்டு சாப்பிட்டார், நான் இரண்டு. மீதி இரண்டைக் கட்டிக்கொண்டோம். குளிர்பானத்தை நான் தொடவிடவில்லை. அதிலும் எனக்குப் பெருமைதான்.

பொம்மையார்பாளையத்தில் அறை, வாடகை 1,600 ரூபாய். அங்கிருந்து உப்பளம் முப்பது கிலோமீட்டர் என்பதால் இந்த ஊர் வசதி. மாலை முழுக்க அவர் தாகம் தாகம் என்றார். காரும் வெயிலும் என்று நினைத்துத் தண்ணீர் கொடுத்தேன். பயணக் களைப்பில் எட்டரைக்கே தூங்கிப்போனேன். அன்றைக்கு விரல் வைத்துப் பார்க்கவில்லை.

காலை ஐந்து மணிக்கு எழுந்தபோது அவர் கட்டிலில் இல்லை. ஜன்னலோர நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். மேஜைமேல் கோழிப் பொட்டலம் காலியாக இருந்தது.

“கொசு, வசந்தி. தூக்கம் வரல. பசிச்சிது, காசு போட்டு வாங்கினது வீணாப் போவுதேன்னு சாப்ட்டுட்டேன். கிளம்பு, சூரியன் வந்துடப் போவுது.”

ஐந்தே முக்காலுக்குக் கிளம்பினோம். மரக்காணம் ஊரைத் தாண்டி மூன்று கிலோமீட்டரில், கிழக்குக் கடற்கரைச் சாலையின் இரு பக்கமும் பாத்திகள் கண்ணாடி பதித்ததுபோல் கிடக்கின்றன. உப்புக் குவியல்களை ஓலை போட்டு மூடியிருக்கிறார்கள். காரைச் சாலையோரம் நிறுத்திவிட்டு, அங்கிருந்த மேஸ்திரியிடம் கேட்டுக்கொண்டு வரப்பில் இறங்கினோம். என் கணவர் முன்னால் நடந்தார். சிறுபிள்ளை மாதிரி ஒவ்வொன்றையும் காட்டிக்கொண்டு போனார். இருநூறு மீட்டர் போயிருப்போம். பேச்சு நின்றது. பிறகு நடையும் நின்றது.

குனிந்து இருமினார். முகம் சாம்பல் நிறமாக இருந்தது. மூச்சு இழுக்கும்போது உள்ளே தண்ணீர் கொதிப்பது போல ஒரு சத்தம். அந்தச் சத்தத்தை நான் இதற்கு முன் கேட்டதில்லை. இதுதான், இப்போதுதான், என்று மட்டும் மனசுக்குள் ஓடியது. சுற்றிலும் தண்ணீர், வெள்ளை, வெளிச்சம். பிடித்துக்கொள்ள ஒரு மரம்கூட இல்லை. அவரை வரப்பிலேயே படுக்கவைக்கப் பார்த்தேன். என் கையைத் தட்டிவிட்டு உட்கார்ந்துகொண்டார்.

உப்பு வாரிக்கொண்டிருந்த பெண்களில் ஒருத்தி ஓடிவந்தாள். சேலைக்குமேல் ஆண்கள் சட்டை, தலையில் துண்டு. பெயர் அஞ்சலை. கையில் மோர் பாட்டில்.

“வெறும் வயித்தோட வந்துட்டாரா? இங்க எங்களுக்கே அடிக்கடி மயக்கம் வரும்மா. உப்புப் போட்ட மோரு இது. குடிக்க வை, தெளிஞ்சிடும்.”

நான் வாங்கினேன். மூடியைத் திறந்து அவர் வாயருகே கொண்டும் போய்விட்டேன். வேறு என்ன செய்வதென்று தெரியாத கை அப்படித்தான் செய்யும். அவர் தலையை ஆட்டினார். ஒரு மூச்சுக்கு ஒரு சொல்தான் வந்தது.

“உப்பு... வேணாம்.”

“என்னங்க? என்ன செய்யுது?”

“நேத்து... மாத்திரை... போடல.”

பேன்ட்டை முழங்கால் பக்கம் இழுத்துக் காட்டினார். கால் இரண்டும் பூசணிபோல் வீங்கியிருந்தன. விரலால் அழுத்தினேன். குழி அப்படியே நின்றது. அவர் சொன்னது நீர் மாத்திரையை. உடம்பில் தேங்கும் நீரைச் சிறுநீராக வெளியேற்றுவது அது. போட்டால் அரைமணிக்கு ஒருதரம் காரை நிறுத்தச் சொல்ல வேண்டும், புதிதாக ஓட்டுகிற எனக்கு அது கஷ்டம் என்று முந்தின நாள் போடாமலே விட்டிருக்கிறார்.

அஞ்சலை பாட்டிலைப் பிடுங்கித் தூர வைத்தாள். “ஆத்தா, நான் என்ன குடுக்க இருந்தேன்!” என்று தலையில் அடித்துக்கொண்டவள், கொட்டகைக்கு ஓடிப்போய் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியோடு வந்தாள். இன்னொரு பெண்ணையும் கூப்பிட்டாள். வரப்பில் ஒருவர்தான் நடக்க முடியும். அவரை நாற்காலியில் உட்காரவைத்துத் தூக்க, இருவரும் இரண்டு பக்கமும் பாத்தியிலேயே இறங்கிவிட்டார்கள். படிந்துகொண்டிருந்த உப்பு அவர்கள் காலடியில் நொறுங்கியது.

“ஏய், பாத்தியில யாரு எறங்கறது?” என்று மேஸ்திரி தூரத்திலிருந்து கத்தினார். நாற்காலியையும் அதில் உட்கார்ந்திருந்தவரையும் பார்த்ததும் அவரும் செருப்போடு இறங்கி நாற்காலியின் ஒரு காலைப் பிடித்தார். நான் பின்னால் சாய்மானத்தைத் தாங்கிக்கொண்டு வந்தேன். போகும்போது இருநூறு மீட்டர். திரும்பும்போது அதற்கு முடிவே இல்லை.

அஞ்சலை காரில் ஏறி அவரை நிமிர்த்திப் பிடித்துக்கொண்டாள். அரசு மருத்துவமனைக்கு ஆறு நிமிடம். அந்த ஆறு நிமிடமும் கண்ணாடியில் அவர் முகத்தைப் பார்க்கவும் பயம், பார்க்காமல் இருக்கவும் பயம். “ஓட்டும்மா, மூச்சு இருக்குது. ஓட்டு” என்று அஞ்சலை சொல்லிக்கொண்டே வந்தாள். அந்தக் குரலைப் பிடித்துக்கொண்டுதான் ஓட்டினேன்.

ஆக்சிஜன் வைத்தார்கள், ஊசி போட்டார்கள். நுரையீரலில் நீர் கோத்திருக்கிறது என்றார் அங்கிருந்த இளம் பெண் டாக்டர். ஆம்புலன்ஸுக்குச் சொல்லிவிட்டு என்னிடம் கேட்டார்.

“நேத்து என்ன சாப்ட்டாரு?”

“பொரிச்ச கோழி டாக்டர். ஆனா தோலெல்லாம் உரிச்சிட்டுதான் குடுத்தேன்.”

“எண்ணெய் போச்சு, சரி. உப்பு போவுமா? உப்புத் தண்ணிலதான் கறிய ஊற வெக்கிறாங்க. உள்ள வரைக்கும் ஏறிடும். மாத்திரையும் போடல, தண்ணியும் நெறைய குடிச்சிருக்காரு. சேந்து வந்துடுச்சு.”

பாயின் பெருமை அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அவர் மறைக்கவே இல்லை. நான்தான் கேட்கவில்லை.

அஞ்சலை, காலில் உப்புத் தண்ணீர் காய்ந்து வெள்ளை பூத்திருக்க, வேலைக்குத் திரும்பினாள். நாங்கள் ஆம்புலன்ஸில் புதுச்சேரிக்குப் போனோம். பெரிய மருத்துவமனையில் நான்கு நாள். இரண்டாம் நாள் அவர் முழு வாக்கியம் பேசினார்.

“நைட்டு படுத்தா தண்ணில முழுவற மாதிரி இருந்துது, வசந்தி. அதான் நாற்காலில ஒக்காந்துட்டேன்.”

“எழுப்பி இருக்கலாம்ல?”

“சொன்னா நீ பயந்துடுவ. அப்புறம் எங்கியும் கூட்டிக்கினு போவ மாட்டன்னு...”

எனக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தன. எட்டு மாதம் அவர் மூச்சைக் காவல் காத்தேன். அவரோ என் முகத்தைப் பார்த்துப் பயந்துகொண்டு இருந்திருக்கிறார். “சொன்னாதாங்க கூட்டிக்கினு போவேன். சொல்லலன்னாதான் போவ மாட்டேன்” என்றேன். பக்கத்துக் கட்டில்காரர் திரும்பிப் பார்க்கும் அளவுக்குச் சத்தமாகச் சொல்லிவிட்டேன்.

போகிறவர்களுக்குச் சில விஷயங்கள். காலை ஆறிலிருந்து எட்டுக்குள் போங்கள், பிறகு கண் கூசும். மேஸ்திரியிடம் கேட்காமல் வரப்பில் இறங்காதீர்கள். நிழல் கிடையாது. பெட்ரோலுக்கு எனக்கு 1,900 ரூபாய் ஆனது.

கோழியைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். நல்ல உடம்புக்கு எப்போதாவது 399 ரூபாய்க்கு எட்டுத் துண்டு மலிவுதான். அந்தக் கடையைக் குறை சொல்ல எனக்கு எதுவும் இல்லை. ஆனால் இதயமோ சிறுநீரகமோ பலவீனமானவர்களுக்கு, தோலை உரித்துவிட்டோம் என்ற தைரியம் வேண்டாம். ஊறவைத்த கறியா என்று கேளுங்கள். வீட்டில் அரைக் கிலோ கோழியை மிளகும் எலுமிச்சையும் போட்டு வதக்கினால் நூற்றைம்பது ரூபாய் ஆகிறது, உப்பு நம் கையில் இருக்கிறது. பயணத்துக்காக நீர் மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். எந்த நேரத்தில் போடலாம் என்று டாக்டரிடமே கேளுங்கள். காரை நூறு முறை நிறுத்தினாலும் பரவாயில்லை. கால் வீங்கினால், படுத்தால் மூச்சு முட்டினால், விடியட்டும் என்று காத்திருக்காமல் 108-க்குக் கூப்பிடுங்கள்.

உடம்பில் நீர் சேர்ந்தால் முதலில் எடைதான் காட்டும் என்று புதுச்சேரி டாக்டர் சொன்னதால் 850 ரூபாய்க்கு எடை மெஷின் வாங்கினேன். தினமும் காலையில் அவர் ஏறி நின்று எடையைச் சத்தமாகச் சொல்வார். நேற்று, “முன்னூறு கிராம் ஏறி இருக்குது வசந்தி. டிப்போ கேன்டீன்ல சாம்பார் சாப்ட்டேன்” என்று நான் கேட்காமலே சொன்னார்.  நான் திட்டாமல், எடையை நோட்டில் எழுதிக்கொண்டேன்.