இட்லிக்கடை சாட்சி

எங்கள் ஏரியா போலீஸ் ஸ்டேஷனுக்கு எதிரே தள்ளுவண்டியில் இட்லி விற்கிற சிலுவையம்மாளை நான் என்னவென்று சொல்ல? ஸ்டேஷனுக்குச் சாட்சி வேண்டுமென்றால் அலைய வேண்டாம். கத்தி கைப்பற்றினோம், செல்போன் கைப்பற்றினோம் என்று அவர்கள் எழுதுவார்கள். நேரில் பார்த்ததாக இவள் கையெழுத்துப் போடுவாள். அவசரத்துக்கு இருக்கட்டும் என்று வெற்றுத்தாளிலும் வாங்கி வைத்துக்கொள்வார்கள். பதிலுக்கு, வண்டியை எடு என்று யாரும் அவளைச் சொல்வதில்லை.

பிடிபடுவதெல்லாம் எங்கள் ஹவுசிங் போர்டு வீட்டுப் பையன்கள்தான். எங்கே திருட்டுப் போனாலும் ஜீப் நேராக இங்கே வந்துவிடும். என் பக்கத்து வீட்டு ரோசியின் மகனைக் கொண்டுபோனபோது அவள் இவளிடம் வந்து அழுதாள். சிலுவையம்மாள் சட்னி ஊற்றிக்கொண்டே, "போலீஸ் சும்மா புடிக்குமா ரோசி? இன்னாவோ கீது" என்றாள். எனக்கு அப்போதே பற்றிக்கொண்டு வந்தது.

போன வருடம் காலை எட்டு மணிக்குச் சாத்தாங்காட்டில் ஒரு இரும்பு வியாபாரியின் செல்போனைக் கத்தி காட்டிப் பறித்துவிட்டார்கள். அன்று மாலையே சிலுவையம்மாளின் மகன் நோயலைத் தூக்கினார்கள். வியாசர்பாடியில் பாக்ஸிங் பழகுகிறவன். அகலத் தோள், உடைந்த மூக்கு. திருடன் என்றால் வேறெப்படி இருப்பானாம்? காலை எட்டு மணிக்கு அவன் அம்மாவின் வண்டிக்குச் சாம்பார் வாளி தூக்கிக்கொண்டிருந்தான். அவள் ஸ்டேஷனுக்குள் ஓடினாள். கோர்ட்டில் சொல்லிக்கொள் என்று அனுப்பிவிட்டார்கள்.

கோர்ட்டில் சொல்லக் கூப்பிட்டார்கள், அரசுத் தரப்புச் சாட்சியாக! ஸ்டேஷனுக்குப் புதிதாக வந்த ரைட்டர், யார் எவரென்று தெரியாமல், பீரோவில் கிடந்த தாளை எடுத்து, நோயலிடம் கத்தியும் போனும் கைப்பற்றியதாக எழுதிவிட்டார். கீழே அவள் கையெழுத்து. பெற்ற தாயே சாட்சி என்றதும் அரசு வக்கீலுக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை.

"வெறும் பேப்பர்ல போட்டேன் சாமி. எல்லா கேஸ்லயும் அப்டித்தான் போட்டேன். எம்புள்ள எம்பக்கத்துலதான் இருந்தான்."

பெற்ற பாசத்தில் பேசுகிறாள் என்று ஜட்ஜ் அதைத் தள்ளிவிட்டார். ஒன்பது கேஸில் அவள் பார்த்தேன் என்று புளுகியதை அப்படியே நம்பிய கோர்ட்டு, ஐயா, அது. நோயலுக்கு இரண்டு வருடம் போட்டார்கள்.

வெளியே படிக்கட்டில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டாள். ரோசியும் வந்திருந்தாள். தண்ணீர் பாட்டிலைத் திறந்து அவள் கையில் கொடுத்தாள். குடித்து முடிக்கும்வரை பக்கத்திலேயே நின்றாள். பிறகு மெதுவாகக் கேட்டாள்:

"போலீஸ் சும்மா புடிக்குமா சிலுவை?"