பக்கீர் திருப்பி வைத்த ஒலிபெருக்கி

கிண்ணியாத் துறையடியில் மீன் ஏலம் கூறும் பக்கீர் வாயைத் திறந்தால், அக்கரையில் பாதைக்கு, அதாவது ஆளேற்றும் மிதவைப் படகுக்கு, காத்து நிற்பவர்களுக்கும் விலை கேட்கும். வாய் அவ்வளவு பெரிது. படிப்போ, பள்ளிக்கூட வாசலை எட்டிப் பார்த்ததோடு சரி. ஆனால் கூட்டத்தைப் பார்க்கிற கண் இருக்கிறதே, அது கப்பல்காரரின் தூரக்கண்ணாடியை வெட்கப்படுத்தும். கூடையைச் சுற்றி நாற்பது பேர் நின்றால், எவன் வாங்க வந்தவன், எவன் வாசம் பிடிக்க வந்தவன், எவன் வீட்டில் சண்டை போட்டுவிட்டு வந்தவன் என்று மீன் துள்ளி முடிப்பதற்குள் சொல்லிவிடுவார். விலையைக் கத்திக் கேட்கிறவனை அவர் திரும்பியும் பார்ப்பதில்லை. பின்னால் பேசாமல் நிற்கிறவன் யாரின் முகத்தைப் பார்க்கிறான் என்றுதான் பார்ப்பார்.

எழுபத்தொன்றாம் ஆண்டு அவருடைய மகள் அசனா ஐந்தாம் வகுப்பை முடித்தாள். அதற்குமேல் பெண்பிள்ளைகளுக்கு ஊரில் வகுப்பில்லை. முப்பது தகப்பன்மார் சம்மதித்துப் பத்திரத்தில் ஒப்பம் வைத்தால் ஆறாம் வகுப்புத் தொடங்கலாம் என்று கல்விக் கந்தோரிலிருந்து செய்தி வந்தது. வருகிற வெள்ளிக்கிழமை அதிகாரி வருவார், ஐந்து மணிப் பாதையில் பத்திரத்தோடு திரும்பிப் போவார். முப்பது சேராவிட்டால் அசனா குசினி அடுப்புக்குத்தான்.

போன மாதமே தலைமையாசிரியர் அருளம்பலம் மாஸ்டர் ஒரு கூட்டம் வைத்துப் பார்த்திருந்தார். கல்வியின் மகிமையை ஒன்றரை மணித்தியாலம் பேசினார். முன்வரிசை தூங்கியது, பின்வரிசை தூங்கியது, மரத்திலிருந்த காகமும் தூங்கி விழப் பார்த்தது. கடைசியில் சம்மதம் சொன்னது நாலு பேர். அதில் இரண்டு பேர் அது அரிசிக் கூப்பன் பதிவு என்று நினைத்தவர்கள்.

இந்த முறை பேசப் பெரிய குரல் வேண்டும் என்று மாஸ்டர் பக்கீரிடம் வந்தார். நாலு பக்கத்தில் பேச்சும் எழுதிக்கொண்டு வந்தார். பக்கீர் அதை இரண்டு கையாலும் மரியாதையாக வாங்கித் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு, மாஸ்டரையே வாசித்துக் காட்டச் சொன்னார். முழுவதும் கேட்டுவிட்டுச் சொன்னார்:

"சரக்கு நல்ல சரக்குத்தான் மாஸ்டர். வாங்கிற ஆக்கள் ஆரெண்டு பாக்காம கூடையத் திறக்க ஏலாது."

மூன்று நாள் அவர் ஏலத்துக்கு நடுவே ஆட்களைப் பார்த்தார். பெண்பிள்ளைகளின் வகுப்பைப் பற்றிக் கதையை எடுத்தால் ஒவ்வொருவர் கண்ணும் எங்கே போகிறது என்று கவனித்தார். மீன் வாங்க வந்த மஹ்ரூப் தன் வீட்டு வேலிப்பக்கம் பார்த்து, வீட்டில் கேட்டுச் சொல்வதாகச் சொன்னான். பதினொரு வள்ளத்துக்குச் சொந்தக்காரர், காற்றுக்கே உத்தரவு போடுகிற முஹம்மது தம்பி சம்மாட்டியும் தொண்டையைச் செருமிவிட்டு, "ஆமினா உம்மாட காதுல ஒரு சொல்லுப் போடணும்" என்று மனைவியின் பெயரைச் சொன்னார். பக்கீருக்கு அப்போதுதான் விளங்கியது. இத்தனை வருடம் ஊரில் யார் யாரோ பேசினார்கள், எல்லோரும் ஆம்பிளைகளின் முகத்தைப் பார்த்துத்தான் பேசினார்கள். வாங்குகிற ஆட்களோ வேலிக்கு உள்ளே இருந்தார்கள்.

அப்படியென்றால் உள்ளே இருப்பவர்களுக்கு என்ன வேண்டும்? வியாழக்கிழமை ஜவாஹிர் நானாவின் கடையில் அதுவும் தெரிந்தது. கந்தளாயிலும் கொழும்பிலும் வேலை செய்கிற புருஷன்மாரின் கடிதங்களோடு, வாசிக்கத் தெரியாத பெண்கள் முக்காட்டை இழுத்துவிட்டு நின்றார்கள். நானா ஒவ்வொன்றாக உரத்து வாசித்தார். ஒரு கடிதத்தில் "என்ட கண்ணே" என்று வந்ததும், அரிசி வாங்க நின்றவன் சிரித்தான். கடிதத்துக்குச் சொந்தக்காரி றம்லா நிலத்தைப் பார்த்துக்கொண்டே நின்றாள். பக்கீர் சாமான் வாங்க மறந்து வீட்டுக்குப் போய், மனைவி நபீஸாவிடம் வாங்கிக் கட்டிக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகைக்குப் பிறகு மைதானம் நிறைந்தது; அதிகாரியும் பத்திரத்தோடு வந்திருந்தார். பக்கீர் முதல் வேலையாக ஒலிபெருக்கியின் வாயை வீடுகள் பக்கம் திருப்பி வைத்தார். ஆம்பிளைகளுக்கு அதன் முதுகுதான் தெரிந்தது. மாஸ்டரின் நாலு பக்கத்தையும் மடித்து மடியில் செருகிக்கொண்டு, இருபது வருடம் ஏலம் கூறிய குரலை எடுத்தார்.

"உம்மாமாரே, ராத்தாமாரே, உங்களோடதான் கதைக்கிறன். உங்கட மாப்பிள்ள எழுதின கடிதத்த கடையில வெச்சு வாசிக்கிறாங்க. அரிசி வாங்க வந்தவனும் கேக்கிறான். உங்கட மகள் வாசிச்சா அது வீட்டுக்குள்ளயே நிக்கும். அவ்வளவுதான்."

அந்தப் பெரிய குரல் அக்கரைக்குப் போய்த் திரும்பி வந்தது. பிறகு ஒரு வீட்டில் மா இடிக்கும் சத்தம் நின்றது. அடுத்த வீட்டிலும் நின்றது. ஒவ்வொரு உலக்கையாக ஊர் முழுவதும் நின்றது. கடலும் ஒரு அலையைத் தூக்கிய கையோடு நின்றது என்று அங்கிருந்தவர்கள் இன்றைக்கும் சத்தியம் பண்ணுவார்கள். ஆயிரம் தரம் கூச்சல் கேட்ட பக்கீர், இப்படி ஒரு அமைதியை வாழ்க்கையில் கேட்டதில்லை. அது தன்னுடைய நாலு சொல்லால் வந்தது என்பதை நம்ப முடியாமல், வாயை மூட மறந்து நின்றார்.

சம்மாட்டி வீட்டு வேலிக்குப் பின்னால் யாரோ இருமினார்கள். முஹம்மது தம்பி எழுந்து போனார், திரும்பி வந்தார், பேத்திக்காக மகனைப் பிடித்திழுத்து வந்து ஒப்பம் வைக்கச் சொன்னார். ஜவாஹிர் நானா தராசோடு ஓடிவந்து, "எனக்கும் தொண்டை மிச்சம்" என்று தன் மகளுக்கு ஒப்பம் வைத்தார். பிறகு வரிசை துறையடி வரைக்கும் நீண்டது. அதில் பாதி வேடிக்கை பார்க்க வந்த வரிசை. எழுதத் தெரியாதவர்கள் பெருவிரலை மையில் தோய்த்து அழுத்தினார்கள்.

நாலரை மணிக்கு எண்ணினால் இருபத்தொன்பது.

மகள் உள்ள தகப்பன் வேறு யாரும் மிச்சமில்லை. அக்கரையிலிருந்து பாதை புறப்பட்டுவிட்டது. அதிகாரி பேனாவை மூடினார். பக்கீர் ஒவ்வொரு முகமாகத் தேடினார். என்ன செய்வதென்று தெரியாமல் பழக்கதோஷத்தில் குரலெடுத்தார்.

"இருபத்தொம்பது, ஒரு தரம்... ரெண்டு தரம்..."

ஒருவரும் அசையவில்லை. அப்போது வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து நபீஸா கேட்டாள்:

"ஊராக்கள்ர முகமெல்லாம் பாத்தீங்க. உங்கட பெருவிரல ஒருக்கா பாத்தீங்களா?"

பார்த்தார். மையே இல்லை. ஊரையே கரைத்துக் குடித்த மனிதன் தன் பெயரைக் கொடுக்க மறந்துபோனார்! மைதானம் சிரித்த சிரிப்பில் பாதையே ஒரு பக்கம் சாய்ந்தது.

அவர் ஓடிப்போய் மையில் விரலைத் தோய்த்து அழுத்தினார். காலை ஏலத்துக் கொடுவா மீனின் செதில் ஒன்று நகத்தடியிலிருந்து கழன்று, ஈர மையில் ஒட்டிக்கொண்டது. அதிகாரி நகத்தால் சுரண்டப் போனார். அருளம்பலம் மாஸ்டர் அவர் கையை மெதுவாகப் பிடித்து, அது அப்படியே இருக்கட்டும் என்றார். முப்பதாவது ஒப்பம் அந்தச் செதிலோடுதான் கடல் கடந்தது.