இலக்கியாவின் பெயரில் வந்த பதிவுகள்

கமலவேணிக்குப் பெரம்பலூரில் ஒரு கல்லூரி அலுவலகத்தில் வேலை. மாலையில் வீட்டுக்கு வந்ததும் காப்பியோடு கணினி முன் உட்கார்ந்துவிடுவாள். அரியலூர், பெரம்பலூர் பக்கத்து ஆட்கள் ஆறு பேர் சேர்ந்து எழுதும் ‘சுண்ணாம்புக்கல்’ என்ற வலைப்பூவைப் பார்த்துக்கொள்வது அவள் பொறுப்பு. அவள் எழுதுவது அபூர்வம். மற்றவர்கள் போடுவதைப் பிழை திருத்துவாள், கோயில், விவசாயம், சாப்பாடு, பயணம் என்று பிரித்து அடுக்குவாள். கல்வெட்டுகளைப் பற்றி எழுதும் கீழப்பழுவூர் குருமூர்த்தி ஒரே பதிவை எல்லாத் தலைப்புகளுக்குக் கீழேயும் போட்டுவிட்டுப் போவார். அதை எடுத்து உரிய இடத்தில் வைப்பதும் அவள்தான்.

போன ஐப்பசியில் வலைப்பூவைப் புதிய தளத்துக்கு மாற்றினார்கள். மாற்றியபோது எழுதியவர்களின் பெயர்கள் கழன்றுவிட்டன. இத்தனை வருடத்துப் பதிவுகளும் ‘எழுதியவர்: கமலவேணி’ என்று வந்து நின்றன. குருமூர்த்தி போனில் சிரித்தார். “என் கல்வெட்டெல்லாம் ஒங்க பேருக்கு மாறிடுச்சே, பட்டா போட்டுட்டீங்களா?”

மழை பெய்துகொண்டே இருந்த அந்த மாதத்து ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் ஒவ்வொரு பதிவாகத் திறந்து, உரியவர் பெயரைத் திரும்ப ஒட்டினாள். சந்தேகம் வந்தால் வாட்ஸ்ஆப் குழுவில் கேட்டாள். கடைசியில், வெளியிடப்படாமல் வரைவாகவே கிடந்த மூன்று பதிவுகள் மிஞ்சின. “என்னுது இல்ல” என்றே பதில் சொன்னவர்கள் எல்லோரும் சொன்னார்கள்.

ஒன்று ஜெயங்கொண்டம் டவுன் பஸ்ஸில் ஜன்னல் ஓர இருக்கைக்கு நடக்கும் சண்டையைப் பற்றியது. இன்னொன்று, முந்திரிப்பழக் கறை பட்ட சுடிதாரோடு கல்லூரிக்குப் போன கதை. மூன்றாவது, அப்பா பொய் சொல்லும்போது எப்படித் தொண்டையைச் செருமுவார் என்பது. மூன்றும் ஒரு இளம்பெண்ணின் பேச்சு. குழுவில் அப்படி யாருமே கிடையாது.

ஆறு பேரில் ஒருவர் மட்டும் பதில் சொல்லியிருக்கவில்லை. உடையார்பாளையம் அரங்கநாதன். முந்திரி விவசாயி. ஒரே மகள் இலக்கியா டெங்கு காய்ச்சலில் இறந்துபோன பிறகு, மூன்று வருடமாக அவர் ஒரு வரியும் எழுதவில்லை. அவரைத் தொந்தரவு செய்யத் தயங்கித்தான் கமலவேணி கடைசியாக அவருக்கு அந்தப் பதிவுகளை அனுப்பினாள்.

மறுநாள் மத்தியானம் அவர் கூப்பிட்டார்.

“இது பாப்பா எழுதினது தங்கச்சி. நான் சொல்லச் சொல்ல அவதான் டைப் பண்ணுவா. என் கணக்குலயே தன்னோடதையும் போட்டிருக்கா. எனக்குத் தெரியவே தெரியாது.”

“அழகா எழுதியிருக்குண்ணே.”

“அவ பேர அதுல போட முடியுங்களா?”

போட்டாள். ‘இலக்கியா’ என்று புதிதாக ஒரு எழுத்தாளர் கணக்கைத் திறந்தாள். அதற்கு ஒரு மின்னஞ்சல் முகவரி வேண்டும் என்பதால் அரங்கநாதனுடையதையே கொடுத்தாள். பாஸ்வேர்டு அவருக்குப் போயிற்று. வேலை முடிந்தது என்று நினைத்தாள்.

தை பிறந்து சில நாளில், கல்லூரி அலுவலகத்தில் உட்கார்ந்திருந்தபோது அவள் போனில் ஒரு அறிவிப்பு வந்தது. இலக்கியா ஒரு புதிய பதிவு எழுதியிருக்கிறாள்.

பழையது ஏதோ மறுபடி வந்திருக்கிறது என்றுதான் திறந்தாள். ‘இந்த வருஷம் முந்திரி பூக்க நேரமாகிறது. பனி விடாமல் அடிக்கிறது. அப்பா காலையில் தோப்புக்குப் போய்விட்டு ஒன்றும் சொல்லாமல் திரும்பி வருகிறார்’ என்று ஆரம்பித்தது. இந்த வருஷம். கமலவேணி பதிவின் தேதியைத் திரும்பத் திரும்பப் பார்த்தாள். பக்கத்து மேஜை ஆள், “என்னக்கா, வூட்டுல எதுவும் பிரச்சனையா?” என்று கேட்டான். போனோடு எழுந்து வராந்தாவுக்குப் போனாள்.

அரங்கநாதனுக்குப் போன் போட்டாள். “எனக்கு ஒண்ணும் தெரியாது தங்கச்சி” என்றார். சொல்வதற்கு முன் தொண்டையைச் செருமினார்.

பதிவுகள் வந்துகொண்டே இருந்தன. அதே குறும்பு, பாதி வாக்கியத்தில் நிறுத்திவிட்டு வேறு பேச்சுக்குத் தாவும் அதே பழக்கம். வாசகர்கள், “யார் இந்தப் பொண்ணு, பிரமாதமா எழுதுதே” என்று கேட்டார்கள். குருமூர்த்தி, “அந்தக் கணக்க மூடிடுங்க, எனக்கு மனசே சரியில்ல” என்றார். அவளால் முடியவில்லை. அந்த வீட்டில் யாரோதான் எழுதுகிறார்கள் என்று புத்திக்குத் தெரிந்தது. ஆனாலும் படிக்கும்போது ஒரு பெண்ணின் குரல்தான் காதில் கேட்டது. ஒருநாள் வந்த பதிவு இரண்டே வரி: ‘என் பேரைத் தேடிப் பிடித்து எனக்கே திருப்பிக் கொடுத்த அக்காவுக்கு. நான் நல்லா இருக்கேன்.’

அன்று பூராவும் அவள் சாப்பிடவில்லை.

மாசியில் ஒரு பெண், வலைப்பூவில் இருந்த எண்ணைப் பார்த்துப் போன் செய்தாள். பெயர் சிவரஞ்சனி. இலக்கியாவோடு கல்லூரியில் படித்தவள். இப்போது ஓசூரில் வேலை.

“மேடம், இலக்கியா உயிரோட இருக்காளா?” அழுகையில் வார்த்தை உடைந்தது. “அப்ப எனக்குப் பரீட்சை, சாவுக்குப் போகல. மூஞ்சியக் கடைசியா பாக்கவே இல்ல. இப்ப அவ எழுதுறத படிக்கிறேன். செத்துட்டான்னு சொன்னது பொய்யா? சொல்லுங்க மேடம், நான் கெளம்பி வந்துடுறேன்.”

கமலவேணி என்ன பதில் சொன்னாள் என்று அவளுக்கே பிறகு நினைவில்லை. அடுத்த ஞாயிறு அரியலூருக்குப் பஸ் ஏறினாள். அங்கிருந்து ஜெயங்கொண்டம் பஸ். சிமெண்ட் லாரிகளுக்குப் பின்னால் பஸ் ஊர்ந்தது. உடையார்பாளையத்தில் இறங்கி வழி கேட்டுப் போனாள்.

அரங்கநாதனின் மனைவி நர்மதா கதவைத் திறந்தாள். மெலிந்த உருவம், முந்தானையில் ஈரக் கை. முன்பின் பார்த்ததில்லை என்றாலும், “கமலவேணியா? வாங்க” என்றாள். எதிர்பார்த்திருந்தவள் போல இருந்தது.

தண்ணீர் குடித்துவிட்டு கமலவேணி நேராகவே கேட்டாள். “அண்ணி, அதெல்லாம் நீங்கதான் எழுதுறீங்களா?”

“நான் எழுதறதில்லீங்க. நான் பத்தாவதுதான். அடுப்புல வேலையா இருக்கறப்ப அவ பேசுவா. மறந்துடக் கூடாதேன்னு போன்ல தட்டி வெச்சுடுவேன்.” குரலில் கொஞ்சமும் தடுமாற்றம் இல்லை. “அவ எழுதினத நீங்க எங்களுக்குக் குடுத்தீங்க இல்ல, அதப் படிச்சதுலேர்ந்துதான் பேசறா. அதுக்கு முன்னாடி மூணு வருஷம் ஒரு வார்த்த பேசல.”

அரங்கநாதன் கூடத்தின் ஓரத்தில் நின்றிருந்தார். “ஒங்ககிட்ட பொய் சொல்லிட்டேன் தங்கச்சி. மொதப் பதிவுலயே எனக்குத் தெரிஞ்சுபோச்சு. நிறுத்துன்னா பாப்பா இன்னொரு தடவ போயிடுவாளேன்னு விட்டுட்டேன்.”

கமலவேணி சிவரஞ்சனியைப் பற்றிச் சொன்னாள். கேட்கக் கேட்க நர்மதாவின் முகம் மாறியது.

“அந்தப் பொண்ணு நம்பிடுச்சா?”

“பொறப்பட்டு வரேங்குது அண்ணி.”

நர்மதா கையை நீட்டினாள். “நம்பரப் போடுங்க. நான் பேசறேன்.”

மணி அடித்தது. “இலக்கியா அம்மா பேசறேன் கண்ணு” என்று தொடங்கினாள். “பாப்பா இல்லம்மா. போயிட்டா. நான்தான் அவ மாதிரி எழுதினேன். என் மேல கோவப்படாத.” மறுமுனையில் அழுகை கேட்டது. மகள் போய்விட்டாள் என்று தன் மனைவி வாயால் சொல்லி அரங்கநாதன் கேட்டது அதுதான் முதல் தடவை என்று பிறகு கமலவேணியிடம் சொன்னார்.

மாலையில் மூவரும் உட்கார்ந்தார்கள். நர்மதாவுக்கு அவள் பெயரிலேயே ஒரு கணக்கைத் திறந்து, தை முதல் வந்த பதிவுகளை ஒவ்வொன்றாக அவள் பெயருக்கு மாற்றினாள் கமலவேணி. மகளுடையது எது, தாயுடையது எது என்று நர்மதாவே விரலால் தொட்டுக் காட்டினாள். அந்த இரண்டு வரிப் பதிவு வந்ததும் விரல் நின்றது.

“இது நான் இல்லீங்க.”

நர்மதா மெதுவாகத் திரும்பிக் கணவனைப் பார்த்தாள்.

“ஒரே ஒரு தடவதான்” என்றார் அரங்கநாதன். “ஒங்கிட்ட மட்டும் பேசறாளேன்னு இருந்துச்சு. எங்கிட்டயும் பேசுவாளான்னு போன எடுத்து வெச்சுக்கிட்டு தோப்புல உக்காந்து பாத்தேன். அவ்ளோதான் வந்துச்சு.”

நர்மதா அழுதாள். அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

அந்தப் பதிவை யார் பெயருக்கு மாற்றுவது என்று கமலவேணி கேட்கவில்லை. அவர்களும் சொல்லவில்லை. அது மட்டும் இலக்கியா பெயரிலேயே இருக்கிறது. சிவரஞ்சனி பங்குனியில் வந்து இரண்டு நாள் தங்கிவிட்டுப் போனாள். நர்மதா இப்போது முந்திரிக்கொட்டை உடைப்பதைப் பற்றி, மாமியாரோடு போட்ட சண்டைகளைப் பற்றித் தன் பெயரில் எழுதுகிறாள். மகள் இப்போது அடிக்கடி பேசுவதில்லை என்று ஒரு தடவை போனில் சொன்னாள்.

கமலவேணி வழக்கம்போல அடுக்கிக்கொண்டிருக்கிறாள். புதிய பதிவு வந்திருக்கிறது என்று போன் ஒலித்தால் மட்டும், எழுதியவர் பெயரைப் பார்ப்பதற்கு முன் ஒரு கணம் கண்ணை மூடிக்கொள்கிறாள். அந்த ஒரு கணத்தில் தான் எதை எதிர்பார்க்கிறோம் என்று அவளால் சொல்ல முடியவில்லை.