சாட்சி நேரத்தில் நான் கேட்ட கேள்வி

சுனாமி வந்து ஓராண்டு ஆகியிருந்தது. போர்ட் பிளேரில் எங்கள் சபையின் வருட முடிவு ஆராதனை. கர்த்தர் செய்த நன்மைகளை எழுந்து சொல்லும் சாட்சி நேரத்தில் ஒரு சகோதரர் எழுந்தார்.

"போன வருஷம் சுனாமிக்கு முன்னாடி கார் நிக்கோபார் தீவுக்குப் போற கப்பலைத் தவற விட்டுட்டேன். கர்த்தர் என்மேல பிரியம் வச்சு உயிரைக் காப்பாத்துனாரு" என்றார். எல்லோரும் அல்லேலூயா சொன்னார்கள்.

அதே கப்பலில்தான் என் கணவர் கார் நிக்கோபாருக்குக் கட்டட வேலைக்குப் போனார். அங்கே அலை அவரைக் கொண்டுபோனது. உடல்கூடக் கிடைக்கவில்லை.

நான் எழுந்தேன். "அப்போ என் வீட்டுக்காரர்மேல கர்த்தருக்குப் பிரியம் இல்லையா?"

பாஸ்டர் மைக்கிலேயே சொன்னார். "முறுமுறுக்கக் கூடாது சிஸ்டர். ஸ்தோத்திரம் சொல்லிட்டு உக்காருங்க."

சொல்லவில்லை. வெளியே வந்துவிட்டேன்.

அதன்பின் லம்பா லைன் பகுதியில் இருக்கும் என் வீட்டில் துணி துவைக்கும்போதும் சோறு வடிக்கும்போதும் கர்த்தரைத்தான் திட்டினேன். பல மாதம் கழித்துத்தான் உறைத்தது: வாய் நிறைய ஸ்தோத்திரம் சொன்ன காலத்தில் நான் அவரோடு இவ்வளவு பேசியதே இல்லை.

இப்போது மறுபடியும் சபைக்குப் போகிறேன். அந்த மாதிரிச் சாட்சிகளுக்கு அல்லேலூயா சொல்வதில்லை. முழங்காலில் நின்று அதே கேள்வியை அவரிடமே கேட்கிறேன். கோபம் குறையவில்லை. பதில் சொல்லும்வரை அவரை விடுவதாகவும் இல்லை.