பஞ்சர் தொட்டியும் கீழ் ஸ்வரமும்

என் வீட்டுக்காரருக்குப் பஞ்சர் ஒட்டுவதுதான் தொழில். முப்பது வருடமாக அதே கடை, அதே தண்ணீர்த் தொட்டி. டியூபை உள்ளே அமுக்குவார், குமிழி வரும் இடத்தில் சாக்பீஸால் ஒரு வட்டம் போடுவார், ஆயிற்று! எதில் கோளாறு என்றாலும் தண்ணீரில் அமுக்கினால் தெரிந்துவிடும் என்பது அவர் கொள்கை. எனக்குக் காய்ச்சல் வந்தபோது மட்டும் நல்லவேளையாக டாக்டரிடம் கூட்டிப்போனார்.

ஐம்பத்திரண்டு வயதில் அவருக்கு நிமோனியா வந்தது. பதினேழு நாள் ஆஸ்பத்திரி; கடையை அவர் தம்பி பார்த்துக்கொண்டார். குழந்தைகளின் நீச்சல் மிதவையை நாலே மூச்சில் ஊதித் தருகிற மனிதர், திரும்பி வந்ததும் மாடிப்படியில் பாதியில் நின்று போனைப் பார்ப்பதுபோல் பாவனை செய்ய ஆரம்பித்தார். எனக்கா தெரியாது?

“தினமும் எதையாவது ஊதுங்க” என்றார் டாக்டர். நான் ஒரு பாக்கெட் பலூன் வாங்கி வந்தேன். இவர் பழைய சாமான் கடையிலிருந்து சாக்ஸபோன் வாங்கி வந்தார். தலையில் அடித்துக்கொண்டேன்.

தையல் கடைக்கு மேலே, மூன்றாவது மாடியில் டீச்சர் வீடு. இருபத்தாறு வயதுப் பெண். சத்தம் வெளியே போகாமல் இருக்கச் சுவரெல்லாம் முட்டை அட்டை ஒட்டியிருப்பாள். வாரத்தில் இரண்டு நாள் வகுப்பு. துணைக்குப் போய் நான் ஸ்டூலில் உட்கார்ந்திருப்பேன்.

“தோளைத் தூக்காதீங்க அங்கிள். கன்னத்தை உப்பாதீங்க.”

“சரிங்க டீச்சர்.”

இத்தனை வருடத்தில் என் பேச்சுக்கு ஒரு ‘சரி’ வந்ததில்லை. இவளுக்கு நிமிஷத்துக்கு ஒன்று.

எட்டு மாதத்தில் இரண்டு சின்னப் பாட்டு வாசிக்கும் அளவுக்கு வந்துவிட்டார். ஆனால் ஆகக் கீழே இருக்கிற ஸ்வரம் மட்டும் வரவில்லை. அதற்குக் குழலின் துளைகள் மேல் இருக்கிற எல்லா மூடிகளையும் அடைத்து, காற்றைக் குழல் முழுக்க ஓட்ட வேண்டுமாம். இவர் ஊதினால் கதவு கீல் மாதிரி கிறீச்சென்றது.

“இன்னும் மூச்சு வேணும் அங்கிள்” என்றாள் டீச்சர். எல்லோரிடமும் சொல்வதைத்தான் சொன்னாள், பாவம். இவர் முகம் செத்துப்போனது எனக்குத்தான் தெரிந்தது.

வீட்டுக்கு வந்ததும் சொன்னார்: “என் நெஞ்சு இனிமே சரியாகாது. கடையைத் தம்பிகிட்டயே குடுத்துடறேன். திங்கட்கிழமை வந்து சாவி வாங்கிக்கச் சொல்லிட்டேன்.”

எனக்குப் பயமாகிவிட்டது. பயம் வந்தால் எனக்குக் கோபம்தான் வரும். இரண்டு நாள் பாத்திரங்களைப் போட்டு உருட்டினேன். ஞாயிற்றுக்கிழமை காலை, கடையை ஒழுங்குபடுத்துகிறேன் என்று சாக்ஸபோனையும் தூக்கிக்கொண்டு கிளம்பியவர் பின்னாலேயே போனேன். அங்கேயும் உட்கார்ந்து ஊதினார். அதே கிறீச்.

“பார்த்தியா?” என்றார்.

பொங்கிவிட்டேன். “எந்த டயர் வந்தாலும் தண்ணியில போட்டுப் பார்க்காம ஒரு வார்த்தை சொல்ல மாட்டீங்க. உங்களை மட்டும் பார்க்காமலே கண்டம், இனி உதவாதுன்னு முடிவு பண்ணிட்டீங்களா?”

அவர் என்னைப் பார்த்தார். சாக்ஸபோனைப் பார்த்தார். தொட்டியைப் பார்த்தார்.

“ஐயையோ, வேண்டாங்க!” என்பதற்குள், சாக்ஸபோனின் பெரிய வாயில் ரப்பர் துண்டையும் துணியையும் திணித்து, “இதை அழுத்திப் பிடி” என்று என் கையை அதன்மேல் வைத்துவிட்டார். விரல்களால் எல்லா மூடிகளையும் அடைத்துக்கொண்டு, குனிந்து, ஊதும் முனை மட்டும் வெளியே இருக்க, முழங்கை வரை தண்ணீரில் அமுக்கி ஊதினார்.

பொலபொலவென்று குமிழி! நடுவில் ஒரே ஒரு மூடியின் ஓரத்திலிருந்து. அடைத்தும் அது அடையவில்லை.

வெளியே எடுத்து, அந்த மூடியை மட்டும் துடைத்து, சாக்பீஸால் வட்டம் போட்டார். “ஓட்டை எனக்கில்லடி. இதுக்குத்தான்” என்றவர் சிரித்தார், அப்புறம் அழுதார், மூக்கைச் சிந்தினார்.

சொட்டச் சொட்ட அதைத் தூக்கிக்கொண்டு டீச்சர் வீட்டுக்கு ஓடினோம். கதவைத் திறந்தவள் அலறினாள். “தண்ணியிலயா போட்டீங்க? மூடிக்கு அடியில எல்லாம் தோல் அங்கிள்! எல்லாம் ஊறி வீணாப் போயிருக்கும். மொத்தமா மாத்தணும்!” அப்புறம் சாக்பீஸ் வட்டத்தைப் பார்த்தாள். குரல் இறங்கியது. “நீங்க வாங்கின அன்னிக்கு ஊதிப் பார்த்தேன், நல்லாத்தான் இருந்துச்சு. அதுக்கப்புறம் நான் பார்க்கவே இல்ல. என் தப்பு.”

உள்ளே போய்த் தன்னுடைய சாக்ஸபோனை எடுத்து வந்து அவர் கழுத்தில் மாட்டினாள். “இதுல ஊதுங்க. சத்தியமா இதைத் தண்ணியில போடக் கூடாது.”

எல்லா மூடிகளையும் அடைத்தார். தோளைத் தூக்கவில்லை, கன்னத்தை உப்பவில்லை. வந்தது ஐயா அந்த ஸ்வரம்! தடியாக, தாழ்வாக, நான் உட்கார்ந்திருந்த ஸ்டூல் அதிரும்படி வந்தது. நிறுத்தவே இல்லை மனிதர். கீழே தையல் மிஷின் நின்றுவிட்டது. நான் மனதுக்குள் எண்ணினேன். பதினொன்று வரை எண்ணினேன், அதற்குமேல் அழுகை வந்துவிட்டது.

வாயை எடுத்துவிட்டு மூச்சிரைக்க என்னைப் பார்த்து, “எப்படி?” என்றார்.

“அது கிடக்கட்டும். முதல்ல உங்க தம்பிக்குப் போன் போடுங்க” என்றேன். “சாவி கிடையாதுன்னு சொல்லுங்க.”