வெளுத்த மோதிரம்

அக்காவைப் பெண் பார்க்க வந்த அம்மாள் காபியைக் குடித்து முடித்துவிட்டுச் சொன்னாள்: "பொண்ணு லட்சணமா கீது. கலரு தான் கொஞ்சம் மட்டு." அவள் பிள்ளை துறைமுகத்தில் கரிக்கப்பலில் கரி இறக்குகிறவன். அவன் என்ன நிறம் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. அதைச் சொல்லத்தான் நான் வாய் திறந்தேன், அம்மா என் தொடையில் கிள்ளினாள்.

சம்மதம் என்றுதான் போனார்கள். அடுத்த வாரமே வந்து அக்கா விரலில் ஒரு தங்க மோதிரமும் போட்டார்கள். தை மாதம் கல்யாணம். அதற்குள் அக்காவை வெளுக்க வைத்துவிட வேண்டும் என்று அம்மா முடிவு கட்டிவிட்டாள்.

ராயபுரத்தில் ரயில் பாதையை ஒட்டிய சந்தில் எங்கள் வீடு. நைனா துறைமுகத்தில் சரக்கு தூக்கும் வின்ச் ஓட்டினார். வெள்ளைக்காரன் கப்பலேறிப் போய் நாலைந்து வருஷம் ஆகியிருந்தது, அவன் நிறத்தின் மேல் இருந்த ஆசை மட்டும் எங்களை விட்டுப் போகவில்லை. கப்பல்காரன் ஒருவனிடம் சொல்லி வைத்து, நைனா வெளுக்கப் பூசும் ஸ்நோ இரண்டு டப்பா வாங்கி வந்தார். மூடியில் ஒரு வெள்ளைக்காரி சிரித்துக்கொண்டிருந்தாள். அவளைச் சுற்றி இருந்த எழுத்து எந்த தேசத்து எழுத்து என்றுகூட எங்களுக்குத் தெரியாது.

கப்பல் ஸ்நோ அசலா போலியா என்று பார்க்க எங்கள் பக்கத்தில் ஒரு வழி இருந்தது. புறங்கையில் ஒரு பொட்டு வைத்துத் தேய்க்க வேண்டும். பிசுபிசுவென்று மேலேயே நின்றால் மெழுகு கலந்த சரக்கு. தோல் உடனே இழுத்துக்கொண்டால் அசல். நைனா எல்லோர் முன்னாலும் தேய்த்துக் காட்டினார்.

"பாத்தியா, எப்டி இஸ்துகிச்சி! ஒரு சொட்டு மேல நிக்கல. அசல் சரக்கு!"

அதற்கப்புறம் அதுவே எங்கள் வீட்டுப் பேச்சாகிவிட்டது. அக்காவுக்குக் காலையிலும் சாயங்காலமும் பூசிவிடுவது என் வேலை. முகம், கழுத்து, இரண்டு கை. "நல்லா தேய் டீ, இஸ்துகினு போற வரிக்கும் தேய்" என்று அவள் கண்ணை மூடிக்கொண்டு சொல்லுவாள். எனக்குப் பதினேழு வயது, அவளுக்கு இருபது. அவளுக்குச் செய்வதில் எனக்குச் சந்தோஷம்தான்.

ஸ்நோ வேலை செய்தது. அதுதான் கொடுமை. ஒரு மாதத்தில் அக்கா மாநிறமானாள், இரண்டாவது மாதத்தில் பக்கத்து வீட்டுக்காரிகள் நின்று பார்த்தார்கள். அம்மா வெள்ளிக்கிழமை தவறாமல் திருஷ்டி கழித்தாள். கன்னமும் மெல்ல உப்பி வந்தது. காலையில் கண் இரண்டும் வீங்கியிருக்கும். "கல்யாணக் களை வந்துட்ச்சி, நல்லா சதை போட்டுகினு வரா" என்று அம்மா பூரித்துப் போனாள்.

குணம்தான் மாறியது. அதிர்ந்து பேசாதவள், ஒரு நாள் சோற்றுத் தட்டை என் மேல் வீசினாள். டம்ளர் பிடித்தால் கை நடுங்கும். "நாக்குல இரும்பு வச்சா மாரி கீது டீ" என்பாள். எனக்கும் கோபம் வந்தது. "கண்ணாலம் ஆவறதுக்கு முன்னியே இவ்ளோ பிகுவா?" என்று கேட்டுவிட்டேன். அதைக் கேட்டு அவள் அழுதாள்.

அப்புறம்தான் மோதிரம் வெளுத்தது. முதலில் ஓரத்தில் ஒரு கீற்று. ஒரு வாரத்தில் முழுசும் ஈயம் போல ஆகிவிட்டது. நைனா பார்த்தார், குதித்தார். "முலாம் பூசி என் பொண்ணு கையில மாட்டிகீறானுங்க! அந்தப் பொம்பளையாண்ட போய் மூஞ்சிலயே வுட்டெறியறேன்!" சோப்புப் போட்டுக் கழற்றினார். சண்டைக்குப் போகுமுன் ஒரு சாட்சி வேண்டும் என்று பத்தர் கடைக்குக் கிளம்பினார். எப்போதிலிருந்து வெளுத்தது என்று சொல்ல என்னையும் கூட்டிப் போனார்.

பத்தர் மோதிரத்தைக் கல்லில் உரசிப் பார்த்தார். "தங்கம் அசல் தான் மேஸ்திரி. மேல பாதரசம் ஏறிகீது." என்னைத் தள்ளி நிற்கச் சொன்னார், அந்தப் புகை பொல்லாதது என்றார். வாசல் பக்கம் கொண்டு போய் நெருப்பில் காட்டி ஊதினார். பிறகு புளி போட்டுத் தேய்த்தார். மோதிரம் பழைய மஞ்சளுக்குத் திரும்பியது. நைனாவின் முகத்தில் அப்போது வந்த சிரிப்பை நான் மறக்கவில்லை. சம்பந்தி ஏமாற்றவில்லை, கல்யாணம் நடக்கும்.

பத்தர் சிரிக்கவில்லை. "பொண்ணு கையில இன்னா பூசுது?"

"ஸ்நோ. கப்பல் சரக்கு" என்றார் நைனா.

"அதுல தான் ரசம் கீது. முலாம் பூசற வேலைல எங்க அண்ணன் அதால தான் பல்லு கொட்டி, கை நடுங்கி செத்தான். மோதரத்துல ஏறனத நெருப்புல எறக்கிட்டேன். பொண்ணு ஒடம்புல ஏறனத நீ எதுல எறக்குவ?"

"மேல தானே பூசறா, துன்னலியே!" என்று நைனா கத்தினார்.

"பூசனா மேலயே நிக்குதா?"

"இல்ல, அது ஒடனே இஸ்துகினு..."

நைனா தன் புறங்கையைத் திருப்பிப் பார்த்தார்.

வீட்டுக்கு ஓடி வந்து டப்பாவை எடுத்துச் சாக்கடையில் வீசினேன். அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு கெஞ்சினாள். "இன்னும் இருவது நாளு தான் டீ. அது வரிக்கும் பூசிக்கிறேன்." மோதிரத்தைத் திரும்ப மாட்டப் பார்த்தோம். விரலில் நுழையவில்லை. சோப்பு போட்டும் நுழையவில்லை. அம்மா அவள் புறங்காலை அமுக்கிப் பார்த்தாள். பிசைந்த மாவில் விழுகிற மாதிரி குழி விழுந்தது, விழுந்த குழி எழும்பவில்லை. அம்மாவுக்கு அப்போதுதான் அது சதை இல்லை, நீர் என்று புரிந்தது.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா சிறுநீரகம் கெட்டுப்போயிருக்கிறது என்றார். பன்னிரண்டு நாள் பார்த்தார்கள். முகூர்த்தத்துக்கு ஐந்து நாள் முன்னால் அக்கா செத்துப் போனாள்.

மாப்பிள்ளையின் அம்மா வந்தாள். கிடத்தியிருந்தவளை உற்றுப் பார்த்தாள். "இன்னா கலரு! இப்டி ரதி மாரி இருந்த பொண்ணு பூட்ச்சே" என்று மார்பில் அடித்துக்கொண்டாள். அவள் கழுத்தைப் பிடித்து நெரிக்க வேண்டும் போல இருந்தது எனக்கு. ஆனால் தேய்த்த கை அவளுடையது இல்லையே, என்னுடையது. நைனா எழுந்து வந்து மோதிரத்தை அவளிடம் கொடுத்தார். அது பளபளவென்று இருந்தது.

குளிப்பாட்டும்போது அக்காவின் கூந்தலை நான்தான் தூக்கிப் பிடித்தேன். இடது காதுக்குப் பின்னால், மயிரோரத்தில், ஒரு விரல் அகலத்துக்கு அவளுடைய பழைய கறுப்பு அப்படியே இருந்தது. இத்தனை நாளும் என் விரல் அங்கே போகாமல் விட்டிருக்கிறது. அந்த இடத்தில் முத்தம் கொடுத்துவிட்டுக் கூந்தலை இறக்கினேன்.